கேட்கும் அரங்கு: சென்னை நாடக மரபும் பார்வை மாற்றுத்திறனாளிகளும்

நாடகம் காட்சிக்கலை என்றே பொதுவாக வரையறுக்கப்படுகிறது. எனினும், பார்வையற்ற அவையினருக்குத் தமிழ் மேடை எந்த அளவு திறந்திருந்தது என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தை இக்கட்டுரை சென்னை அரங்கை மையமாகக் கொண்டு ஆராய்கிறது.

தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னின்று தன்னைப் படர்க்கையில் வருணித்துப் பாடிய பின்னரே அவைமுன் தோன்றும். வந்தவர் யாரெனக் கட்டியக்காரன் வினவி அவைக்கு உணர்த்துவான். இவ்வழக்கம் பார்வையற்றோரைக் கருதி அமைந்ததன்று; ஆயினும் வருகை, பெயர், தோற்றம் ஆகிய மூன்றும் முதலில் செவிக்கே எட்டின.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உரைநடை நாடகம் வலுப்பெற, பாத்திரம் தன்னைத் தானே அறிவிக்கும் வழக்கம் தளர்ந்தது, தோற்றம் கண்ணுக்குரியதாயிற்று. 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் நாடகத்தை மீண்டும் செவிக்குரியதாக்கியது. பிற்காலத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் செல்வாக்குப் பெற்ற எஸ்.வி.சேகர், கிரேசி மோகன் ஆகியோரின் நகைச்சுவை நாடகங்கள் உரையாடலையே நம்பியவை என விமர்சிக்கப்பட்டன. அவ்வியல்பே அவற்றைப் பார்வையற்றோர் தடையின்றித் துய்க்க வழிசெய்தது. மாறாக, 1977இல் ந.முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை உடலசைவையும் முதன்மைப்படுத்தியது. கூத்தால் ஊக்கம் பெற்ற அவ்வரங்கில், அசைவால் மட்டும் உணர்த்தப்படும் பொருள் காண இயலாதவருக்கு எட்டுவதில்லை. ஆகவே, கலைத்தரம் பற்றிய மதிப்பீடும் அணுகல் பற்றிய மதிப்பீடும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை.

1981இல் வாஷிங்டன் அரீனா மேடையில் பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நாடகத்திற்கு ஒலிவழி விவரிப்பு வழங்கப்பட்டது. உரையாடல்களின் இடைவெளியில் மேடை நிகழ்வுகளை விவரிப்பாளர் கூற, அவையினர் காதுக்கருவியில் கேட்டனர். இதனை முன்னெடுத்த மார்கரெட் பான்ஸ்டீல் பார்வை இழந்தவர். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 42இல், ஒலிவழி விவரிப்பை மின்னணு ஊடகத்திற்கே குறிப்பிடுகிறது. கலையை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்னும் பிரிவு 29 பொதுநிலையில் அமைந்தது. மேடை நாடகம் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறது.

காதுக்கருவி வழி விவரிப்பு நாடகத்திற்குப் புறத்தே நின்று, தேவைப்படுவோருக்கு மட்டும் ஒலிப்பது. கட்டியக்காரன் கூற்றோ நாடகத்தின் உறுப்பாய் அவையோர் அனைவருக்கும் ஒலிப்பது. முன்னது எந்த நாடகத்திற்கும் பொருந்தும். பின்னதற்கு நாடகப் பனுவலிலேயே இடம் வேண்டும். எனவே, விவரிப்பு முறையைத் தமிழுக்குக் கொணர்வோர் கருவியோடு கூத்தின் அறிமுக மரபையும் கருதுவது பயன் தரும்.