நீராவியோடு போன சட்டம்

அமெரிக்கக் கப்பல் சட்டத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. எந்தெந்தக் கலங்களை அரசு ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் 'நீராவிக் கலம்' ஒரு வகை. அடுத்த பிரிவு மீன்பிடிப் படகுகளுக்கு விலக்கு கொடுக்கிறது. சரக்குக் கலம், கடலோடும் மோட்டார் கலம் போன்ற வகைகளிலிருந்து விலக்கு. நீராவிக் கலம் என்ற வகையை மட்டும் அந்த விலக்கு தொடவில்லை. அதாவது, இன்றைக்கு ஒருவர் தன் மீன்பிடிப் படகை பாய்லர் வைத்து ஓட்டினால் அது ஆய்வுக்கு உட்பட்டது. டீசல் வைத்து ஓட்டினால் இல்லை. சரி, நீராவியில் ஓடும் மீன்பிடிப் படகுக்கு இன்று எங்கே போவது?

முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. அப்புறம் இது எப்படி இப்படி ஆனது என்று தேட ஆரம்பித்தேன்.

நான் செம்பனை ஆலையில் வேலை செய்யும் இயந்திரப் பொறியாளன். எங்கள் ஆலையில் எல்லாமே நீராவியை நம்பித்தான் ஓடுகிறது. பாய்லர் ஆய்வு என்றால் ஆலையை நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டு, மூடிகளைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். ஆய்வாளர் உள்ளே போய்க் குழாய்களையும் தகடுகளையும் பார்ப்பார். பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதிப்பார். பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் விதிகளாகவும் சூத்திரங்களாகவும் படித்தோம். அந்த விதிகள் எழுதப்படுவதற்கு முன்னால் எத்தனை பேர் செத்தார்கள் என்று பாடத்தில் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நதிகளில் நீராவிப் படகுகள் வெடிப்பது சாதாரணச் செய்தி. 1816 முதல் 1848 வரை 230க்கும் மேற்பட்ட வெடிப்புகள், 2,500க்கும் மேற்பட்ட சாவுகள் என்று அந்நாட்டுக் காப்புரிமை ஆணையர் கணக்குக் காட்டினார். பாய்லர் ஏன் வெடிக்கிறது என்பதில்கூடத் தெளிவில்லை. உள்ளே தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் உண்டாகி வெடிக்கிறது என்று பலர் நம்பினார்கள். பிலடெல்பியாவின் ஃப்ராங்க்ளின் நிறுவனம் அரசு கொடுத்த பணத்தில் 1830களில் சோதனைகள் நடத்தியது. கண்ணாடி பதித்த சின்ன பாய்லருக்குள் நடப்பதைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். ஹைட்ரஜன் கதை பொய் என்று ஆனது. அழுத்தம் மெதுவாகக் கூடினாலும் பாய்லர் பயங்கரமாக வெடிக்கும் என்று தெரிந்தது. ஆக, முன்கூட்டியே சோதித்தால் தடுக்கலாம். விதி, கடவுள் செயல் என்று இனிமேல் சொல்லித் தப்ப முடியாது.

1838 ஏப்ரல் 25 அன்று சின்சினாட்டி அருகே மொசெல் என்ற புதுப் படகின் பாய்லர்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் முதல் சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாய்லரையும், ஆண்டுக்கு ஒருமுறை படகின் உடலையும் சோதிக்க வேண்டும். ஆனால் எப்படிச் சோதிப்பது என்று சட்டம் சொல்லவில்லை. வெடிப்புகள் தொடர்ந்தன. 1852இல் வந்த சட்டம்தான் ஒரு பொறியாளன் 'சட்டம்' என்று ஒப்புக்கொள்ளும் வடிவில் இருந்தது. சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டுக்கு மேல் இயக்க அழுத்தம் கூடாது. அந்த 110க்கு நீரழுத்தச் சோதனை 165 பவுண்டில். இன்ஜினியருக்கும் பைலட்டுக்கும் உரிமம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, 1852 சட்டம் பயணிகளை ஏற்றும் கலங்களுக்குத்தான். இழுவைப் படகுகளுக்கு விலக்கு. டிக்கெட் வாங்கி ஏறியவர் உயிருக்குச் சட்டம் பொறுப்பேற்றது. பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்று கரி தள்ளியவர் உயிர் அதில் தற்செயலாகத்தான் சேர்ந்துகொண்டது.

1865 ஏப்ரலில் சுல்தானா என்ற படகு மிசிசிப்பியில் வெடித்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஆய்வில் தேறியிருந்தது. வழியில் கசிந்த பாய்லருக்கு ஒட்டுப்போட்டு, 376 பேருக்கான படகில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்திருந்தார்கள். பெரும்பாலோர் போர்க்கைதிகளாக இருந்து வீடு திரும்பிய சிப்பாய்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1871இல் புதிய சட்டம், நிரந்தர ஆய்வுத்துறை. இந்த முறை பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா நீராவிக் கலங்களும் உள்ளே வந்தன.

மீனவர்களுக்குச் சட்டத்தில் கதவு திறந்தது இப்படித்தான். அப்போது அட்லாண்டிக் கரையில் மென்ஹேடன் மீன் பிடிக்கும் தொழில் நீராவிக்கு மாறிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கும் உரத்துக்கும் பிழியப்படும் மீன் அது. 1905இல் பாஸ்டனில் ஸ்பிரே என்ற நீராவி இழுவலைப் படகும் வந்தது. இந்தப் படகுகளில் பாய்லர் இருந்ததால் ஆய்வாளர் ஏறினார். மீனவனுக்காக ஏறவில்லை. பாய்லருக்காக ஏறினார். இருந்தாலும் ஏறினார்.

பிறகு பெட்ரோல் இயந்திரமும் டீசலும் வந்தன. மீனவர்களுக்கு இது பெரிய விடுதலை. கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கரி தள்ள ஆள் வேண்டாம், வலை போட இடமும் கூடுதல். கூடவே ஆய்வாளரும் இறங்கிப் போனார். படகில் நீராவி இல்லை என்றால் அது நீராவிக் கலம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது விழவே இல்லை. 1936இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள், பாதி மட்டும். 300 டன்னுக்கு மேற்பட்ட கடலோடும் மோட்டார் கலங்களுக்கும் நீராவிக் கலங்களின் ஆய்வு விதிகள் பொருந்தும் என்றது சட்டம். அடுத்த வரியிலேயே மீன், சிப்பி, நண்டு, கடற்பஞ்சு எடுக்கும் கலங்களுக்குப் பொருந்தாது என்றும் எழுதினார்கள்.

டீசல் இயந்திரம் பாய்லர் மாதிரி வெடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் இயந்திர அறையில் ஆபத்து வேறு முகத்தோடு இருக்கிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாய் அரித்துப்போனால் போதும். புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடம் கசிந்தால் போதும். சத்தம் இல்லாமல் தண்ணீர் ஏறும். பாய்லர் ஊரைக் கூட்டிச் சாகடிக்கிறது. இது நடுக்கடலில் ஐந்தாறு பேரோடு முடிந்துவிடுகிறது. சின்சினாட்டியில் நடந்தது ஊர் கண்முன்னால் நடந்தது. பெரிங் கடலில் நடப்பதை யார் பார்த்தார்கள்?

1983 பிப்ரவரியில் அமெரிக்கஸ், ஆல்டேர் என்ற இரண்டு நண்டுப் படகுகள் அங்கே கவிழ்ந்து 14 பேரும் இறந்தார்கள். இழுவலைக் கருவிகளைப் பொருத்தியதில் கூடிய எடையைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1985இல் அலாஸ்காவில் வெஸ்டர்ன் சீ என்ற, 1915இல் கட்டிய மரப்படகு ஆறு பேரோடு போனது. அதில் ஒருவர் கோடை விடுமுறைக்கு வேலைக்குப் போன 20 வயது யேல் மாணவர் பீட்டர் பேரி. அவருடைய அப்பா முன்னாள் தூதர். பெற்றோர் விடாமல் போராடியதில் 1988இல் மீன்பிடிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே கடலில் அதற்கு முன் இறந்தவர்களின் பெற்றோர் அழாமலா இருந்திருப்பார்கள்?

அந்தச் சட்டம் மிதவைப் படகு, குளிர்நீரில் உயிர் காக்கும் உடை, இடத்தை அறிவிக்கும் ரேடியோக் கருவி எல்லாம் கேட்டது. பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் படகு மூழ்கிய பிறகு என்ன செய்வது என்பதற்கான சட்டம் அது. மூழ்காமல் இருக்க இயந்திரத்தையும் உடலையும் சோதிப்பது அதில் இல்லை. 2010இல் வந்த சட்டம், மூன்று கடல் மைலுக்கு அப்பால் போகும் படகுகளை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது துறையில் வைத்துப் பரிசோதிக்கச் சொன்னது. அந்தப் பரிசோதனையும் பெரும்பாலும் பாதுகாப்புச் சாமான்களைத்தான் பார்க்கிறது.

இடையில் 2008 மார்ச்சில் அலாஸ்கா ரேஞ்சர் மூழ்கியது. 47 பேரில் 5 பேர் இறந்தார்கள். விசாரணையில், சுக்கான் கழன்று விழுந்து அதன் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்றார்கள். மின்சாரம் போனதும் புரொப்பல்லரின் இலைகள் பின்னோக்கித் திரும்பி, கப்பல் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. இறக்கிய மிதவைப் படகுகள் ஆட்களின் கைக்கு எட்டாமல் விலகிப் போயின. சாமான்கள் இருந்தன, இயந்திரம் கைவிட்டது.

மீனவர்கள் ஆய்வை எதிர்த்ததற்கும் நியாயம் உண்டு. சொந்தப் படகு, கடன், நாலு பேர் கூலி. ஆய்வுக்காகப் படகைக் கரையேற்றி நிறுத்தினால் பருவம் போய்விடும். கடலைப் பார்க்காத அதிகாரி வந்து என்ன சொல்லப் போகிறார் என்ற கோபமும் உண்டு. ஆலை நிறுத்தத்தின்போது எங்கள் பாய்லர்மேன் அண்ணனும் இதையேதான் முணுமுணுப்பார். "தம்பி, இவரு பார்த்துட்டுப் போயிடுவாரு, தினமும் பக்கத்துல நிக்கிறவன் நான்." அவர் சொல்வது சரி. பக்கத்தில் நிற்பவர் அவர் என்பதால்தான் அந்த ஆய்வு வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது அலட்சியம்கூட இல்லை. சட்டம் எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதினார்கள். நீராவி, அழுத்தம், தகட்டின் தடிமன் என்று பொருளைப் பார்த்து எழுதினார்கள். பொருள் மாறியபோது அதன் பக்கத்தில் நின்ற மனிதன் மாறவில்லை என்பதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை. நம் ஊரிலும் 1967இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூனில் நீக்கப்பட்டு, வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பழைய சட்டம் பெயரிலேயே இயந்திரத்தை வைத்திருந்தது. புதிய ஏற்பாட்டில் எந்த இயந்திரத்தின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவர்களில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்பதைத்தான் இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.