பாமினியில் கிடக்கும் நமது வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப்போகிறேன்.

2023ஆம் ஆண்டு மலையகம் 200 நினைவுகூரல் நடந்தது ஞாபகம் இருக்கும். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்த நாட்களில் நம்மில் பலர் பழைய படம், பழைய மலர், பழைய கடிதம் என்று வீட்டு அலுமாரிகளைக் கிண்டினோம். என்னிடம் ஒரு சீடி இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஒரு பாடசாலை விழாவுக்காகச் செய்த மலரின் கோப்புகள் அதில் இருந்தன. இன்று நம்மோடு இல்லாத ஓர் ஆசிரியர் அந்த மலரில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். லயத்துக் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அச்சடித்த பிரதி யார் வீட்டிலும் அகப்படவில்லை. சீடியாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மகனின் லெப்டொப்பில் போட்டுத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. ஒரு சொல்லும் புரியவில்லை.

"வைரஸ் பிடிச்சிருக்கு வாப்பா" என்றான் மகன்.

வைரஸ் இல்லை. ஓரிடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நின்றது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாமினியில் அடித்துப் பழகிய விரல் உள்ளவர்களுக்கும் விளங்கும். அது "அம்மா".

நாம் இருபது வருடம் தமிழ் என்று நினைத்து அடித்ததெல்லாம் கம்பியூட்டருக்குத் தமிழே இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

*

முதலில் டைப்ரைட்டர் காலம். தமிழுக்கு எழுத்து 247. ஆங்கில டைப்ரைட்டரில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். இதற்குள் தமிழை அடக்கிக் காட்டியவர் நம் நாட்டுக்காரர். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விசை வைக்க முடியாது என்பதால் எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். புள்ளி, விசிறி போன்றவற்றுக்கு "நகரா விசை" வைத்தார். அதை அடித்தால் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும்.

தமிழ் டைப்பிங் வகுப்புக்குப் போனவர்கள் முதல் நாள் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். ய, ள, ன, க, ப. இடது கை விரல்கள் இருக்க வேண்டிய வரிசை அது. கச்சேரியிலும் கந்தோர்களிலும் வேலை செய்த எத்தனையோ பேர் அந்த ஐந்து எழுத்தில்தான் தொழிலைத் தொடங்கினார்கள்.

பிறகு கம்பியூட்டர் வந்தது. கம்பியூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வேண்டும். 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடங்கள். அவ்வளவும் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் குறிகளுக்குமே போய்விட்டன. தமிழுக்கு அங்கே இடமில்லை.

இடமில்லாத வீட்டில் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அட்டவணையில் 102 என்றால் ஆங்கில எஃப். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துருவில் அந்த இடத்தில் "க" என்று வரைந்து வைத்தார்கள். திரையில் க தெரியும். உள்ளே கிடப்பது எஃப். பாமினி எழுத்துருவின் சூட்சுமம் இதுதான். விசைகளும் பழைய டைப்ரைட்டரின் வழியில் வந்தவை. அதே ய, ள, ன, க, ப. டைப்ரைட்டர் பழகியவர் மறுநாளே கம்பியூட்டரில் அடிக்கலாம்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் க. இப்படி முன்னும் பின்னும் ஒட்டி வைக்கும் அறிவு அன்றைய இயங்குதளத்துக்கு இல்லை. பாமினி அந்த அறிவைக் கேட்கவே இல்லை. கொம்பை அடி, கவை அடி, காலை அடி. கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும்.

அந்தப் பாமினியை வைத்துத்தான் அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் கொமியூனிகேஷன் கடைகள் நடந்தன. தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு டைப்செட்டிங் முதல் உத்தியோகமானது. தவணைப் பரீட்சை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் கணக்கறிக்கை, கல்யாண அழைப்பிதழ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், துரைக்கு எழுதும் மனு எல்லாம் பாமினிதான்.

*

அதே காலத்தில் வெளியே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி தமிழ்99 விசைப்பலகையை வகுத்தார்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் யூனிகோட். உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் திட்டம் அது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அதில் "க" என்றால் 2965. அந்த எண் வேறு எந்த மொழியின் எழுத்துக்கும் சொந்தமில்லை. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் 2965 என்றால் க.

விண்டோஸ் 2000 அந்தத் தமிழைக் காட்டக் கற்றுக்கொண்டது. லதா என்ற எழுத்துருவும் கூடவே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு சின்னப் பெட்டியில் சரி அடையாளம் போட்டு, விண்டோஸ் சீடியை உள்ளே போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். நம்மில் பலரிடம் அந்த சீடியே இருக்கவில்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்ததுதான் விண்டோஸ். அந்தப் பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது.

2008இல் இலங்கை கட்டளைகள் நிறுவனம் தமிழுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தைக் கொண்டுவந்தது. ரெங்கநாதன் விசைப்பலகை அதில் உள்ளது. நியமம் வந்தும் கடைகள் மாறவில்லை. மாறாததற்கும் காரணம் இருந்தது. விரல் பாமினியில் ஊறிவிட்டது. புத்தகம் பக்கமாக்கிய பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அந்த பேஜ்மேக்கரும் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. ஆனாலும் நம் அச்சகங்களில் பல வருடம் ஓடியது.

உண்மையில் நம்மை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது போன். நோக்கியா காலத்தில் தமிழ்ப் பக்கம் திறந்தால் பெட்டி பெட்டியாக வரும். ஒபேரா மினியின் உள்ளே போய் ஓர் அமைப்பை மாற்றினால் தமிழைப் படமாக்கி அனுப்பும். அந்த ரகசியத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த வாலிபர்கள் இன்று பிள்ளைகளின் தகப்பன்மார். பிறகு அண்ட்ரொய்ட் வந்தது. 2017இல் கூகுள் தமிழில் பேசினால் எழுதும் வசதியையும் தந்தது. என் உம்மா வயதுக்காரர்கள்கூடப் பேசியே செய்தி அனுப்புகிறார்கள். யூனிகோட் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே யூனிகோடில் எழுதுகிறார்கள்.

ஆனால் கந்தோரும் கடையும் பாமினியிலேயே நின்றன. வாட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கைகள் பல இன்னும் ஏன் படமாகவே வருகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பாமினியில் அடித்ததை எழுத்தாக அனுப்பினால் எம் கே என்று போய்ச் சேரும் என்பதால்தான்.

*

"சேர், கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

பாமினி பீடிஎஃப் ஒன்றில் உங்கள் தோட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள், வராது. பார்வையற்ற ஒரு பிள்ளை வாசித்துக் காட்டும் செயலியில் போட்டால், ஆங்கில எழுத்துகளை உளறும். இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு படித்தது இணையத்தில் கிடைத்த எழுத்துகளை. பாமினியில் கிடப்பது அதற்கு நம் மொழியே அல்ல. எழுத்துரு ஒரு நாள் தொலைந்தால் மனிதருக்கும் அப்படித்தான்.

பர்மாவிலும் இதே கதை நடந்தது. அங்கே ஸவ்ஜி என்ற எழுத்துரு வீட்டுக்கு வீடு இருந்தது. ஒரே செய்தி ஒருவர் போனில் ஒழுங்காகவும் அடுத்தவர் போனில் குழம்பியும் தெரிந்தது. 2019 ஒக்டோபர் 1ஆம் திகதியை நாள் குறித்து, நாடாகவே யூனிகோடுக்கு மாறத் தொடங்கினார்கள்.

நம் முஸ்லிம் வீடுகளுக்கு இந்த இழப்பு புதிதல்ல. நமது மூத்தவர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்தில் அடையாளம் சேர்த்து, மார்க்கமும் மருத்துவமும் பாட்டும் எழுதி வைத்தார்கள். அரபுத் தமிழ் ஒரு முழுமையான எழுத்து முறை. பாமினி போன்ற தந்திரம் அல்ல. ஆனால் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது நின்றது. இன்று அந்தக் கிதாபுகள் கையில் இருந்தும் பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. மொழி தமிழ்தான். கதவுதான் பூட்டிக் கிடக்கிறது.

தோட்டத்து மக்களுக்கோ காகிதத்தின் பெறுமதியை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பனோ முன்னோரோ இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்டக் காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பதிவு இல்லாத சனம் என்ன பாடுபடும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், நாமே எழுதிய பதிவுகளை ஓர் எழுத்துருவை நம்பி விட்டுவைத்திருக்கிறோம்.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். வாயோடு போகவிருந்தது எழுத்துக்கு வந்தது. எழுத்துக்கு வந்ததை நாம் சீடியோடு போக விடலாமா?

*

அந்தக் கட்டுரைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

டவுனில் ஒரு கடைக்கார நானாவிடம் பழைய கம்பியூட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. "தூக்கி எறியச் சொல்லி வீட்டில சண்டை சேர், நான்தான் வெச்சிருக்கேன்" என்றார். பேஜ்மேக்கரும் இருந்தது, பாமினியும் இருந்தது. கோப்பைத் திறந்ததும் தமிழ் தெரிந்தது. எழுத்தை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன். இடையிடையே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகி உளறின. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த மூன்று இரவு போனது.

வாசித்தேன். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாவின் கூடைக்குக் கை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பாடத்தில் உட்காருவார்களாம். ஆசிரியர் அதற்கு அடிக்கமாட்டாராம். அந்தப் பிள்ளைகளின் பெயர்களும் கட்டுரையில் இருந்தன.

அந்த ஆசிரியரின் பேத்திக்கு போனில் அனுப்பினேன். அவள் தேடற்பெட்டியில் தன் பாட்டியின் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறாள். இருந்தது. கூடைக்கு ஓடிய பிள்ளைகளில் அவளுடைய பாட்டியும் ஒருத்தி.

பிள்ளைகள் என்னிடம் விண்டோஸா, லினக்ஸா, அண்ட்ரொய்டா எது நல்லது என்று கேட்பார்கள். எது வேண்டுமானாலும் பாவியுங்கள். இயங்குதளம் மாறும், செயலி மாறும், கம்பனி மூடும். நீங்கள் எழுதியதை வேறொரு கருவியில், வேறொருவர், இருபது வருடம் கழித்துத் திறந்து வாசிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியும் என்றால் அது நல்ல கருவி.

இனி நான் கேட்கும் வேலை:

1. பழைய சீடி, பென்ட்ரைவ், ஹார்ட் டிஸ்க் எதையும் எறியாதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுங்கள். சீடிக்கும் ஆயுள் உண்டு.

2. கோப்போடு பாமினி எழுத்துருவையும் அதே உறையில் சேர்த்து வையுங்கள்.

3. யூனிகோடுக்கு மாற்றும்போது ஆங்கிலப் பகுதியைத் தனியாக எடுத்துவிடுங்கள். மாற்றிய பின் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். பெயர்களை இரண்டு தரம் பாருங்கள்.

4. புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விரல் பாமினிக்குப் பழகியவர்கள் பயப்படத் தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசைகளை அடித்தே யூனிகோட் எழுத்தைப் பெறலாம்.

5. மலர், சஞ்சிகை எதுவும் இருந்தால், உரியவர்களின் அனுமதியோடு, 2005 முதல் இயங்கும் நூலகம் மின்னூலகத்துக்குக் கொடுங்கள்.

கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், டைப்செட்டிங் கடை வைத்திருந்தவர்கள், எல்லோரையும் கேட்கிறேன். உங்கள் மேசை இலாச்சியில் ஒரு சீடி இருக்கும். எடுத்து வாருங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். நானாவின் பழைய கம்பியூட்டரும் இன்னும் ஓடுகிறது. அது நிற்பதற்கு முன் செய்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.