தட அறிவும் காப்புப் பயிற்சியும்: இருளர் கூட்டுறவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

அருகிவரும் உயிரினங்களைக் காக்க உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது வளரும் நாடுகள் பலவற்றில் ஏற்கப்பட்ட கொள்கை. ஆயினும் பயிற்சி என்றதும், அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பிப்பது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இக்கருத்து குறையுடையது. ஒரு நிலத்து மக்கள் தலைமுறைகளாக ஈட்டிய உயிரறிவை, அவ்வுயிர்கள் நிலைத்து வாழ்வதற்குப் பயன்படும்படி நெறிப்படுத்துவதையே நாம் ‘காப்புப் பயிற்சி’ என்கிறோம். இதற்குத் தக்க சான்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர்.

2. அறிவின் இயல்பு

தாமல் ஏரி தொடங்கிக் கிழக்கே கடற்கரை வரை ஏரிப்பாசனமும் நெல்வயலும் முட்புதரும் விரவிய நிலம் இது. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. இருளர் பாம்பைத் தேடுவது பெரும்பாலும் அதைக் கண்டு அன்று. கண்ணில் படாத உயிரை அது விட்டுச்சென்ற குறிகளால் உணர்வதைத் ‘தட அறிவு’ எனலாம். மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, எச்சம், வளைவாயின் நிலை ஆகியவை அக்குறிகள். வளைவாயில் சிலந்தி வலை கலையாமல் இருந்தால், அண்மையில் அவ்வழியே எதுவும் நுழையவில்லை என்று அறிவர். வரப்பில் நடந்தே கற்கும் அறிவு இது. ஏட்டில் முழுமையாக அடங்காது.

3. நெருக்கடியின் காரணம்

இவ்வறிவே ஒருகாலத்தில் பாம்புகளின் அழிவுக்கும் கருவியாயிற்று. தோல் வணிகர் கொடுத்த சொற்பக் காசுக்காகப் பாம்புகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1970களின் நடுவில் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. தடை மிகத் தேவையானது. ஆனால் தடை பாம்பைக் காத்ததே தவிர, பாம்பை அறிந்தவரைக் காக்கவில்லை. பிழைப்பு போனால் அறிவும் போகும்.

4. பயிற்சியின் படிகள்

ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் வனத்துறை வகுத்த எண்ணிக்கைக்குள் பிடிக்கப்படுகின்றன. அவற்றை மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடி முறிமருந்துக்கு மூலப்பொருளாகிறது.

இங்கே புதிதாகச் சேர்ந்தவை எவை? எடையும் நீளமும் அளந்து பதிவது, அடையாளமிடுவது, எண்ணிக்கை வரம்புக்குள் நிற்பது, சங்கத்தைத் தாமே நடத்துவது ஆகியவையே. பாம்பைத் தேடும் கலையை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. நம் நோக்கில் இதுவே இம்முறையின் உயிர்நாடி. வடநெம்மேலியிலேயே 1976இல் தோன்றிய முதலைப் பண்ணையிலும், அந்நாளில் அருகிப்போயிருந்த சதுப்புநில முதலைகளைப் பெருக்கும் பணியில் இருளர் உழைப்பு சேர்ந்தது.

5. பயிற்றுநர் யார்?

ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் அயல் உயிரினமான பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள பாலூட்டிகளை அழித்துவருகிறது. அதைத் தேடிப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆகவே, தமிழ்நாட்டில் காப்புப் பயிற்சி வகுப்போர் இருளரை மாணவர் வரிசையில் மட்டும் அமர்த்துவது தகாது. வனக்காவலர் பயிற்சியில் அவர்களுக்கு ஊதியத்தோடு கூடிய ஆசிரியப் பணி அளிக்க வேண்டும். தட அறிவை இளைய இருளர் மூத்தோரிடம் களத்திலேயே கற்க உதவித்தொகையும் வேண்டும்.