கண்ணில் படாத சுரப்பியும் ஒரு 10-ம்

பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்கேன் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் கணக்கு. அந்த உரிமையில் எழுதுகிறேன் :-)

எங்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெயிலில் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் வேலை செய்கிறவர்கள் நிறைய. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. ஸ்கேன் எடுக்கப் போவார்கள். ரிப்போர்ட்டில் கல்லோடு இன்னொரு வரியும் வரலாம்: இடது அட்ரினல் சுரப்பியில் 1.8 செ.மீ. கட்டி, 6 ஹெச்.யூ. 'கட்டி' என்றதும் வீட்டில் எல்லோரும் கேன்சர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் அந்த 6-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

பிணத்தில் மட்டும் தெரிந்த சுரப்பி

அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி ஒன்று. எடை 4, 5 கிராம்தான். ரத்த அழுத்தம், உடம்பின் உப்பு, பயந்தால் நெஞ்சு படபடப்பது என்று எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இத்தாலியின் யூஸ்டாகி 16ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். ஆனால் இது கெட்டுப்போனால் மனிதன் மெலிந்து, கறுத்து, இறந்தே போவான் என்று லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் 1855ல் எழுதிய பிறகுதான் இதன் முக்கியத்துவம் புரிந்தது. அவரும் சுரப்பியைப் பார்த்தது பிரேதப் பரிசோதனையில்தான்.

1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, அட்ரினல் தெரியவில்லை. சுற்றியிருக்கும் சதையும் இதுவும் படத்தில் ஒரே சாம்பல் நிறம். 1926ல் அமெரிக்காவின் சார்லஸ் மேயோ, திடீர் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறிய ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். உள்ளே அட்ரினல் பகுதியில் கட்டி. திறக்கும்வரை அது அவருக்குத் தெரியாது.

சென்னையும் இந்தத் துறையில் பின்தங்கி இருக்கவில்லை. சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியில் 1934ல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் தொடங்கியது. அந்த வருடம் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் ஸ்டான்லி. எங்கள் ஏரியா ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். (1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் பெரியவர்களுக்கு இன்றும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.) ஆனால் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சாதாரண எக்ஸ்ரேயில் அட்ரினல் சிக்காது.

1940களின் கடைசியில் ஸ்பெயினின் ரூயிஸ் ரிவாஸ் ஒரு வழி சொன்னார். முதுகெலும்பின் அடிப்பக்கம் ஊசி போட்டு காற்றைச் செலுத்துவது. காற்று மேலேறி சிறுநீரகத்தைச் சூழும், அந்தக் கறுப்புப் பின்னணியில் சுரப்பியின் ஓரம் தெரியும். கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? காற்று ரத்தக் குழாயில் புகுந்து இறந்தவர்களும் உண்டு.

அழிந்துபோன லெட்ஜர்

இனிதான் நம் சப்ஜெக்ட். ஒரு லெட்ஜர் பக்கத்தில் கட்டங்களில் இருந்த எண்கள் எல்லாம் அழிந்துவிட்டன. ஓரத்தில் வரிசைக் கூட்டல், பத்தி கூட்டல், குறுக்குக் கூட்டல் மட்டும் மிச்சம். கூட்டல்களை வைத்து ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் மீட்க முடியுமா? சி.டி. ஸ்கேன் செய்வது இதைத்தான். உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே அனுப்பினால் கிடைப்பவை கூட்டல்கள். அதிலிருந்து உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட வேண்டும்.

இதற்கு ஒரு வேகமான வழியை 1971ல் வெளியிட்டவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லக்ஷ்மிநாராயணனும். 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்த்த அதே ராமச்சந்திரன்தான். கூட்டல்களை அப்படியே திருப்பிப் பரப்பினால் படம் கலங்கலாக வரும். முதலில் ஒரு வடிகட்டியில் போட்டுவிட்டுப் பரப்பினால் தெளிவாக வரும். அந்த வடிகட்டிக்கு இன்றும் பாடப்புத்தகங்களில் 'ராம்-லாக்' என்று பெயர்.

சி.டி.யையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது மிகை. அதே 1971 அக்டோபர் 1ந் தேதி லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனியின் ஹவுன்ஸ்ஃபீல்ட் தன் மெஷினில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார். அவரும் கார்மாக்கும் 1979ல் நோபல் பரிசு வாங்கினார்கள். வடிகட்டும் யோசனையை ரேடியோ வானியலுக்காக பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் பின்னால் வந்த ஸ்கேனர்கள் பல ஆண்டுகள் ஓடியது இந்த வகைக் கணக்கில்தான். அதில் நம்மவர் பெயர் இருப்பது மிகைப்படுத்தாமலே பெருமை.

அந்த 10

ஹெச்.யூ. என்பது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. புள்ளியியலில் அடிப்படை ஆண்டை 100 என்று வைத்து விலைவாசிக் குறியீட்டெண் போடுகிறோமே, அதே மாதிரி இங்கே தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு சுமார் -100.

சி.டி. வயிற்றுக்கும் வந்த பிறகு புதுத் தலைவலி. வேறு எதற்கோ எடுத்த படத்தில் அட்ரினல் கட்டிகள் தென்பட ஆரம்பித்தன. 1982ல் இதற்கு 'இன்சிடென்டலோமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள், தற்செயல் கட்டி. 50 வயதில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு, முதுமையில் 10 பேர் வரைக்கும் இருக்கும். அட்ரினல் புற்றுநோயோ வருடத்துக்குப் பத்து லட்சத்தில் ஓரிருவருக்குத்தான். எல்லோரையும் அறுப்பதா?

இங்கேதான் கொழுப்பு உதவிக்கு வந்தது. சாதுவான கட்டிகள் பலவற்றில் கொழுப்பு அதிகம், அதனால் எண் குறையும். பல ஆய்வுகளைத் தொகுத்து போலந்து என்பவர் குழு 1998ல் காட்டியது: மருந்து ஏற்றாமல் எடுத்த சி.டி.யில் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சாதுவான கட்டி என்பது 98 சதவீதம் துல்லியம். ஐரோப்பிய டாக்டர்களின் 2023 வழிகாட்டி, கட்டி முழுக்க ஒரே சீராக 10க்குள் இருந்தால் மேற்கொண்டு ஸ்கேனே வேண்டாம் என்கிறது.

10க்கு மேல் போனால் கேன்சர் என்று அர்த்தமில்லை. சாதுவான கட்டிகளில் சுமார் 30 சதவீதம் கொழுப்புக் குறைந்தவை. அதற்கு எம்.ஆர்.ஐ., மருந்து ஏற்றிய சி.டி. என்று அடுத்த படிகள் உண்டு. நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சுரப்பி வீங்கியிருந்தால் காசநோயையும் ஒருவகைப் பூஞ்சைத் தொற்றையும் டாக்டர்கள் யோசிப்பார்கள். அடிசன் பார்த்த நோயாளிகளிலேயே காசநோய்க்காரர்கள் இருந்தார்கள்.

ஸ்கேன் என்பது பேலன்ஸ் ஷீட் மாதிரி, அன்றைய நிலவரம். கட்டி என்ன சுரக்கிறது என்பது லாப நஷ்டக் கணக்கு. அதற்கு ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். மேயோவின் நோயாளியைத் தொல்லைப்படுத்தியது கட்டியின் அளவைவிட அது சுரந்ததுதான். எனவே எண் 6 என்றாலும் ஹார்மோன் டெஸ்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரிகளிலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் இருக்கும் காலம் இது. ஸ்கேன் கூடக் கூட தற்செயல் கட்டிகளும் கூடும். யார் வீட்டிலாவது அந்த வரி வந்தால் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "மருந்து ஏற்றாத படத்தில் ஹெச்.யூ. எவ்வளவு சார்? ஹார்மோன் டெஸ்ட் எப்ப எடுக்கணும்?" அழுவதோ நிம்மதியாவதோ பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.