செய்திச் செயலிகள்: சாட்சிகளைக் காக்கும் பொறுப்பு நம் கைப்பேசியிலும் இருக்கிறது

வன்கொடுமை நிகழ்ந்த ஊருக்குச் சென்ற உண்மை அறியும் குழு திரும்புவதற்குள், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பெயரும் தெருவும் சாட்சி சொல்ல முன்வந்தவரின் ஒளிப்படமும் பல வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகின்றன. பகிர்பவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால், 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க வழி செய்கிறது. போராடிப் பெற்ற அந்தப் பாதுகாப்பை, வழக்கு நீதிமன்றத்தை எட்டுமுன்பே நம் குழுக்கள் பறித்துவிடுகின்றன. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள முனைக்கு முனை மறைகுறியாக்கம், செய்தி ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குப் பயணிக்கும் வழியை மட்டுமே காக்கிறது. இரு முனைகளிலும் செய்தி வெளிப்படையாகவே கிடக்கிறது. யார் யாரோடு, எப்போது தொடர்பு கொண்டார் என்ற விவரத்தையும் அது மறைப்பதில்லை. மேகக் கணினியில் சேமிக்கப்படும் காப்புப் பிரதிக்கும் மறைகுறியாக்கம் தேவையென்றால், அதை அமைப்புகளில் நாமே இயக்க வேண்டும். டெலிகிராம் பற்றிய நம்பிக்கை இன்னும் பிழையானது. அதன் வழக்கமான உரையாடல்களும் குழுக்களும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் செய்யப்படுவதில்லை. இருவருக்கிடையிலான ‘இரகசிய உரையாடல்’ மட்டுமே அவ்வாறு காக்கப்படுகிறது. மிகக் குறைந்த விவரங்களையே சேமிக்கும் சிக்னல், களப்பணிக்கு ஏற்ற தேர்வு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முனையே தாக்கப்பட்டால் என்னவாகும் என்பதை 2019ஆம் ஆண்டு காட்டியது. வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டையின் வழியே, இசுரேலைச் சேர்ந்த என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1,400 பேரின் கருவிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்காவிட்டாலும் மென்பொருள் நுழையக்கூடும். எச்சரிக்கை பெற்ற இந்தியர்களில் ஆனந்த் தெல்தும்ப்டேவும் ஒருவர். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2016 சூனில் அறிமுகமானவரின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சல் வழியே தீம்பொருள் நுழைந்ததாகவும், பின்னர் கோப்புகள் அதற்குள் வைக்கப்பட்டதாகவும் 2021இல் அறிக்கை அளித்தது. தோழர் பெயரில் வந்த இணைப்பு என்றாலும், குரல் அழைப்பில் அவரிடம் கேட்டபின் திறப்பதே முறை. செயலியையும் இயங்குதளத்தையும் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும்.

எனினும் நம்மில் பெரும்பாலோரை அச்சுறுத்துவது பெகாசஸ் அன்று. பக்கத்தில் இருக்கும் கை. பூட்டப்படாத கைப்பேசி ஒரு நிமிடம் கிடைத்தாலே, கட்டக் குறியீட்டைப் பதிந்து வேறொரு கணினியில் கணக்கைத் திறந்துவிடலாம். அதன்பின் வரும் செய்திகள் அனைத்தும் அங்கும் தெரியும். சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணுக்கு இது உயிர் பற்றிய கேள்வி. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை வாரம் ஒருமுறையேனும் பார்த்து, அறியாத கருவியை வெளியேற்ற வேண்டும். பூட்டிய திரையில் செய்தியின் வரிகள் தோன்றுவதை நிறுத்த வேண்டும். உறங்குபவரின் விரலை வைத்தே திறக்கக்கூடிய கைரேகைப் பூட்டைவிட நீண்ட கடவுஎண் நல்லது. ஆனால் கண்காணிக்கும் வீட்டில் திடீரென எல்லாவற்றையும் பூட்டுவது சந்தேகத்தைக் கிளறும். அத்தகைய சூழலில், வீட்டை விட்டு வெளியேறும் திட்டத்தை நம்பிக்கைக்குரிய தோழியின் கைப்பேசி வழியாகப் பேசுவதே மேல்.

அலுவலகக் கணினி நிறுவனத்தின் உடைமை. அதில் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் இருக்கலாம். அங்கும் கல்லூரி ஆய்வகத்திலும் வாட்ஸ்அப் வெப் திறக்காதிருப்பதே பாதுகாப்பு. ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை எவர் கேட்டாலும் தரலாகாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், அந்த எண் பறிபோனாலும் கணக்கு எளிதில் பறிபோகாது.

மறையும் செய்திகள் வசதியைச் சிந்தித்துப் பயன்படுத்த வேண்டும். களப்பயணத் திட்டமும் சாட்சிகளின் விவரமும் தாமே அழிவது நல்லது. சாதி வசவும் கொலை மிரட்டலும் அழியலாகாது, அவை சான்று. திரைப்பிடிப்பு எடுப்பதோடு நின்றுவிடாமல், அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி உரையாடலை ஏற்றுமதி செய்து, செய்தி வந்த கைப்பேசியையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் அளிக்கச் சான்றிதழ் தேவை. மூலக் கருவி தொலைந்தால் சான்றின் நம்பகத்தன்மையை நிறுவுவது கடினமாகும்.

குழு நிர்வாகிகளுக்கு ஒன்று. தோழர் ஒருவர் கைது செய்யப்பட்டாலோ அவரது கைப்பேசி பறிக்கப்பட்டாலோ, உடனே அவரது எண்ணைக் குழுக்களிலிருந்து நீக்க வேண்டும். இது அவர்மீதான ஐயம் ஆகாது என்பதை எல்லோரும் முன்பே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நீக்குவதால் அக்கருவியில் ஏற்கெனவே உள்ளவை அழிவதில்லை. ஆகவே அதில் பெயர் இடம்பெற்ற சாட்சிகளுக்கு அன்றைக்கே தகவல் சொல்லியாக வேண்டும்.