இணையத்தை யார் வடிகட்டுவது?

நெல்லித்தோப்பில் நான் குடியிருக்கும் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கம்பிகள் தொங்குகின்றன. முன்பு கேபிள் டி.வி. கொடுத்தவர்களே இப்போது கண்ணாடி இழை இழுத்து இணைய இணைப்பும் தருகிறார்கள். அண்மையில் பக்கத்து வீட்டுக்காரர், எட்டாம் வகுப்பு படிக்கும் தன் மகனின் கைபேசியில் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டு, மனம் நொந்து என்னிடம் வந்தார். “கனெக்‌ஷன் கொடுக்கிறவங்களே இதையெல்லாம் நிறுத்திட்டா என்ன சார்? மாசாமாசம் காசு வாங்குறாங்க இல்ல?” என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. சற்று முழுமையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

ஏறத்தாழ இதே கேள்வியுடன்தான் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் ஒரு பொதுநல மனு தாக்கலானது. பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்பதைப் பெற்றோரே முடிவுசெய்ய உதவும் ‘பெற்றோர் சாளரம்’ என்ற வசதியை இணையச் சேவை நிறுவனங்கள் வழங்க வேண்டும், அதற்குக் குழந்தைகள் உரிமை ஆணையங்கள் ஆவன செய்ய வேண்டும் என்பது மனுவின் சாரம். 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் அமர்வு இதில் தீர்ப்பளித்தது. 16 வயதுக்கு உட்பட்டோரின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்துள்ளதைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும், அதுவரை ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றும் அது கூறியது. தலைப்புச் செய்தியானது ஆஸ்திரேலியா. மனுதாரர் கேட்ட எளிய வசதி பேச்சிலிருந்து நழுவிவிட்டது. உண்மையில் நடைமுறைக்கு உகந்தது அதுதான் என்பது என் கருத்து.

ஒட்டுமொத்தமாகத் தடுப்பதை இந்தியா இருமுறை செய்து பார்த்திருக்கிறது. ஆபாசத் தளங்களை முடக்கக் கோரி 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. வயதுவந்த ஒருவர் தன் நான்கு சுவர்களுக்குள் பார்ப்பதை எப்படித் தடுக்க முடியும் என்று 2015 ஜூலையில் அன்றைய தலைமை நீதிபதி எச்.எல்.தத்து விசாரணையின்போது கேட்டார். ஆனாலும், அம்மாதம் 31-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை முடக்க உத்தரவிட்டது. பட்டியலில் வெறும் நகைச்சுவைத் தளங்களும் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும், குழந்தைகளைப் பாலியல்ரீதியாகச் சித்தரிக்கும் உள்ளடக்கம் இல்லாத தளங்களை நிறுவனங்கள் விட்டுவிடலாம் என்று நான்கே நாட்களில் உத்தரவு மாறியது. எந்தத் தளத்தில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று சோதிக்கும் வழி தங்களிடம் இல்லை என்று சேவை நிறுவனங்களின் சங்கம் கைவிரித்தது. அரசு தன் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் கட்டப் பார்த்தது. அவை ஏற்க மறுத்தன. நிறுவனங்கள் மீது எனக்குப் பெரிய பரிவு கிடையாது என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. தணிக்கை அதிகாரியின் வேலையைத் தந்தி கம்பி இழுப்பவரிடம் கொடுக்க முடியாது.

இரண்டாம் முறை, 2018 செப்டம்பர் 27 அன்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் பழைய உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதே 857 தளங்களை அரசு மீண்டும் ஆராய்ந்ததில், 30 தளங்களில் ஆபாசம் எதுவும் இல்லை என்று தெரியவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் முடக்கச் சொல்லி ஆணையிட்ட பட்டியலின் தரம் இதுதான்! எஞ்சிய 827 தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரிய தளம் சில நாட்களிலேயே பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிக்கொண்டு புதிய முகவரியில் இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத் தடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அதற்கான எண் முகவரியை டி.என்.எஸ். என்னும் பெயரேட்டில் கைபேசி தேடுகிறது. சேவை நிறுவனம் தன் ஏட்டில் அந்தப் பெயருக்கு நேரே பொய்யான விடையை எழுதி வைத்தால் தளம் திறக்காது. இதுவே மலிவான, பரவலான முறை. வேறொரு ஏட்டைப் பயன்படுத்துமாறு கைபேசியில் ஓர் அமைப்பை மாற்றினால் தடை தீர்ந்தது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இது கடினமன்று. அடுத்த நிலையில், இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரியும் தளத்தின் பெயரைக் கவனித்து நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கிறது. இதற்கு வலுவான கருவிகள் வேண்டும். எங்கள் தெருவில் கம்பி இழுப்பவரால் வாங்க இயலாது. பெரிய நிறுவனங்களுக்கு இயலும் என்றாலும், வி.பி.என். எனும் மறைவழிச் செயலி அதையும் கடந்துவிடும். வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு ஆணையிட்டது. பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிவிட்டு, வெளிநாட்டு சர்வர்கள் வழியே சேவையைத் தொடர்ந்தன.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2012-ல் தனுஷ் நடித்த ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. அதைக் காட்டி, சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுமையாக மூடின. ஒரு தமிழ்ப் படத்துக்காக உலகெங்குமுள்ள குறும்பட இயக்குநர்களின் படைப்புகள் இந்தியாவில் காணாமல் போயின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அன்று அது செய்யக்கூடிய காரியம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ். என்ற குறியாக்கத்தில் இயங்குகின்றன. சேவை நிறுவனம் இப்போது மூடிய உறையைக் கொண்டுசெல்லும் தபால்காரர். உறையின் மேலுள்ள தளத்தின் பெயர் தெரியுமே தவிர, உள்ளே எந்தப் பக்கம், எந்தப் படம் என்று தெரியாது. நீதிமன்றம் அன்று தந்த நுணுக்கமான நிவாரணத்தை இன்று சேவை நிறுவனத்தால் நிறைவேற்றவே முடியாது. மூடினால் முழுத் தளம், இல்லையேல் ஒன்றுமில்லை. ரெட்டிட், எக்ஸ், டெலிகிராம் போன்றவற்றில் அரசியல், அறிவியல், ஆபாசம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. என் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு அந்தக் காணொளி வந்ததும் எந்தத் தளத்திலிருந்தும் அல்ல, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து. அந்த உறையைப் பிரிக்க எந்தச் சேவை நிறுவனத்தாலும் இயலாது.

சொற்களைக் கொண்டு வடிகட்டலாமே என்பார்கள். ஆங்கிலத்திலேயே இம்முறை மார்பகப் புற்றுநோய்த் தகவல் பக்கங்களைத் தடுத்துப் பெயர் கெட்டுப்போனது. தமிழில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: திருவண்ணாமலையில் உறையும் அம்மனின் பெயர் உண்ணாமுலை. வடிகட்டிக்கு அம்மனும் தெரியாது, சங்க இலக்கியத்தின் அகத்திணையும் தெரியாது.

இனி, பார்ப்பவர் யார் என்ற கேள்வி. வயதுவந்தவர் தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பது இந்தியச் சட்டத்தில் குற்றமன்று; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான் தண்டிக்கின்றன. ஆகவே, நம் கவலை சிறுவர்களைப் பற்றியதென்றால், சேவை நிறுவனம் சிறுவரையும் பெரியவரையும் பிரித்தறிய வேண்டும். நிறுவனத்துக்குத் தெரிவதோ சந்தாதாரர் மட்டுமே. நம் வீடுகளில் சிம் கார்டு அப்பாவின் பெயரில் இருக்கும், கைபேசி பிள்ளையின் கையில் இருக்கும். ஒரே கைபேசியைக் காலையில் தாயும், மாலையில் மகளும், இரவில் மகனும் பயன்படுத்தும் வீடுகள் நெல்லித்தோப்பின் சந்துகளில் ஏராளம். ஆதாரில் வயது சரிபார்த்த 45 வயது சந்தாதாரருக்குத்தான் நிறுவனத்தின் கணக்கில் இணையம் போகிறது.

ஆஸ்திரேலியாவை நாம் முன்மாதிரியாகக் காட்டுகிறோம். 2025 டிசம்பர் 10 அன்று அங்கு நடைமுறைக்கு வந்த சட்டம் சமூக ஊடகக் கணக்குகளைப் பற்றியது. சேவை நிறுவனங்கள் வடிகட்டுவதைப் பற்றியதன்று. நிறுவனங்கள் கட்டாயமாக வடிகட்டும் திட்டத்தை அதே நாடு முன்பு அறிவித்து, பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 2012 நவம்பரில் கைவிட்டது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைக் காட்டும் தளங்களின் இன்டர்போல் பட்டியலை மட்டும் தடுப்பது என்று சுருக்கிக்கொண்டது. அதற்கு முன் 2007-ல் 8.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவிட்டு வீடுகளுக்கு இலவசமாக வழங்கிய வடிகட்டி மென்பொருளை, மெல்போர்னைச் சேர்ந்த 16 வயது மாணவர் அரை மணி நேரத்தில் தாண்டிக் காட்டியதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு உறவுள்ள பிரான்ஸ், பாரத்தைச் சேவை நிறுவனத்தின் மீதன்றி ஆபாசத் தளங்கள் மீதே வைத்தது. வயதை அவையே சரிபார்க்க வேண்டும். 2025 ஜூனில் மிகப் பெரிய தளங்களை நடத்தும் அய்லோ நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்து பிரான்ஸிலிருந்து விலகியது, வி.பி.என். பதிவுகள் பெருகின. பிரிட்டனிலும் அவ்வாண்டு ஜூலை 25 முதல் வயதுச் சரிபார்ப்பு கட்டாயமானபோது வி.பி.என். செயலிகளே பதிவிறக்கப் பட்டியலில் முன்னேறின. ஆயினும், முகவரி மாறித் திரியும் தளத்தைத் துரத்துவதைவிட, பெரிய தளங்களைப் பொறுப்பாக்குவது மேலானது என்றே நினைக்கிறேன். தற்செயலாக வந்து விழும் பத்து வயதுப் பிள்ளையையாவது அது தடுக்கும்.

சேவை நிறுவனத்தால் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் இரண்டு உண்டு. முதலாவது, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் பதிவுகள். இங்கே ரசனை, ஒழுக்கம் என்ற விவாதத்துக்கே இடமில்லை. இவற்றைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமே என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை ரத்து செய்து, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு தொகுக்கும் பட்டியலைப் பின்பற்றுமாறு 2017-லேயே இந்திய நிறுவனங்களுக்கு ஆணையிடப்பட்டுள்ளது. அந்தப் பட்டியலும் பிழையற்றதன்று. 2008 டிசம்பரில் ஒரு ஜெர்மானிய ராக் குழுவின் இசைத்தட்டு அட்டைக்காக விக்கிப்பீடியா பக்கமொன்று அதில் ஏறி, பிரிட்டன் வாசகர் பலர் விக்கிப்பீடியாவைத் திருத்தவே முடியாமல் போய், நான்கு நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற ஒரு வழி இருந்தது என்பதே அதில் கவனிக்க வேண்டியது. நம் பட்டியல்கள் ரகசியமானவை. தவறாகச் சேர்க்கப்பட்ட தளத்தின் உரிமையாளருக்குக் காரணம் கேட்கக்கூட எளிய வழியில்லை.

இரண்டாவது, மதுரை மனு கேட்ட அந்தச் சாளரம். பிரிட்டனின் நான்கு பெரிய நிறுவனங்கள் 2013-ல் தொடங்கிய முறை இதற்கு அருகில் வருகிறது: புதிய இணைப்பு தரும்போதே ‘வடிகட்டி வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டுவிடுவது. 2014-ல் ஆஃப்காம் வெளியிட்ட அறிக்கையின்படி, அதை ஏற்ற புதிய வாடிக்கையாளர்கள் பி.டி.யில் 5 சதவீதம், ஸ்கையில் 8, வர்ஜினில் 4. டாக்டாக்கில் மட்டும் 36. குறைவான எண்ணிக்கைதான். ஆனால், வேண்டியவருக்குக் கிடைத்தது, வேண்டாதவர் மீது திணிக்கப்படவில்லை. இதற்கான செலவும் அற்பம். ஆபாசத் தளங்களை நீக்கிய பெயரேடுகள் இலவசமாகவே உள்ளன. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்ற முகவரி 2020 முதல் இயங்குகிறது. வாடிக்கையாளர் கேட்டால் அப்படியொரு ஏட்டுக்கு அவர் இணைப்பை மாற்றித் தர வேண்டும், விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அந்தக் கேள்வி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். பிடிவாதமான பதினாறு வயதினரை இது தடுக்காது. எட்டாம் வகுப்பினரையும் அவர்களின் தம்பி தங்கைகளையும் ஓரளவு காக்கும்.

பக்கத்து வீட்டு ரவுட்டரில் அந்த எண்ணைப் பதிவு செய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கைபேசியின் சிம்முக்கும் இதைச் செய்ய முடியுமா என்று அவர் கேட்டதால், சிம் வழங்கிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தை அழைத்தோம். நெடுநேரம் காத்திருந்த பின் பேசியவர், அப்படியொரு வசதி குறித்துத் தமக்குத் தகவல் இல்லை என்று கூறி, கூடுதல் டேட்டா திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.