மன்கட் 231 அடித்த மைதானம் கால்பந்து கோட்டை ஆன கதை: சென்னை நேரு ஸ்டேடியத்தின் வரலாறு

சென்னை,

சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவகர்லால் நேரு ஸ்டேடியம் என்றதும் கால்பந்து ரசிகர்களுக்கு சென்னையின் எப்.சி. அணிதான் ஞாபகம் வரும். 'மெரினா அரினா' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த மைதானம் ஒரு காலத்தில் கிரிக்கெட் டெஸ்ட் நடந்த இடம் என்பது பலருக்கு தெரியாது.

413 ரன் சாதனை

அப்போது இதன் பெயர் மாநகராட்சி ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை சென்னையில் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்தில் அல்ல, இங்குதான் நடந்தன.

1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் (231), பங்கஜ் ராய் (173) ஜோடி தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது. இந்த உலக சாதனை 52 ஆண்டுகள் அசையவே இல்லை. 2008-ல்தான் தென் ஆப்பிரிக்காவின் ஸ்மித், மெக்கன்சி ஜோடி 415 ரன் எடுத்து முறியடித்தது. 1967-ல் டெஸ்ட் மீண்டும் சேப்பாக்கத்துக்கே போய்விட்டது.

260 நாளில் எழுந்தது

1993-ல் நேரு கோப்பை கால்பந்து சென்னைக்கு கிடைத்தது. இதற்காக ஜெயலலிதா ஆட்சியில் பழைய மைதானம் இருந்த இடத்தில் புது ஸ்டேடியம் 260 நாளில் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 40 ஆயிரம் பேர் அமரலாம். அந்த கோப்பையை வட கொரியா தட்டிச் சென்றது. 1995-ல் தெற்காசிய விளையாட்டு போட்டியும் இங்கு நடந்தது.

தடகள ஓடுதளமும் உள்ள மைதானம் என்பதால் கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் இடைவெளி அதிகம். ஆனாலும் ரசிகர்களின் சத்தத்துக்கு குறைச்சல் இல்லை.

சொந்த வீடு

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எப்.சி.க்கு இதுவே சொந்த மைதானம் ஆனது. முதல் ஆண்டு அரை இறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3 என தோற்ற அணி, இங்கு 3 கோல் திருப்பி அடித்தது. ஆனால் கூடுதல் நேரத்தில் கேரளா ஒரு கோல் போட, இறுதி வாய்ப்பு கைநழுவியது.

வெள்ளத்தில் போன ஆட்டம்

2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையை புரட்டிப் போட்டது. கொல்கத்தாவுக்கு எதிராக இங்கு நடக்க வேண்டிய அரை இறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. வீடு வாசல் இழந்து தவித்த ஊரின் அணி, வெளியூரில் 3-0 என ஜெயித்தது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் 2 கோல் அடித்து 3-2 என முதல்முறையாக கோப்பையை வென்றது. 2018-ல் பெங்களூருவில் 2-வது கோப்பையும் கிடைத்தது.

இரண்டு கோப்பையும் வெளியூரில் வென்றதுதான். சொந்த மண்ணில், சொந்த ஜனம் முன்பு கோப்பையை தூக்கும் நாளைத்தான் ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

கொரோனாவால் 2020-21, 2021-22 சீசன்கள் முழுவதும் கோவாவில் நடக்க, மைதானம் அணி இல்லாமல் வெறிச்சோடியது. 2022-ல்தான் அணி வீடு திரும்பியது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டை பிரதமர் மோடி இங்கு தொடங்கி வைத்தார்.